மூன்று கட்டை தள்ளிப் பிறந்தவர்

செபமாலை மாமா இறந்த மறுநாள் பின்னேரம், சிட்னி டூங்கபியில் பெரியப்பாவின் வீட்டில் சூம் கூட்டம் நடந்தது. பெரியப்பா வெள்ளைச் சேர்ட்டைக் கழுத்துவரை பூட்டி, மேலே கறுப்புக் கோட்டும் போட்டுக்கொண்டு மடிக்கணினிக்கு முன்னால் இருந்தார். இடுப்புக்குக் கீழே வீட்டில் கட்டுகிற சாரம். கமராவுக்கு அது தெரியாது என்று யாரோ அவருக்குத் தைரியம் சொல்லியிருந்தார்கள். நடுவில் தேத்தண்ணிக் கோப்பையை எடுக்க எழும்பினார். கனடாவிலும் பிரான்சிலும் இருந்த சொந்தக்காரர் எல்லோரும் எங்கள் குடும்பத் தலைவரின் சாரத்தை ஒருசேரத் தரிசித்தார்கள்.

கூட்டத்தை நடத்தியவர் ஜெரோம் அண்ணா, பெரியப்பாவின் மூத்த மகன். மெல்பேர்னில் கிரான்பர்ன் பக்கம் வீடு விற்கிறார். சாவீட்டு விசயத்தைப் பேசினாலும் வீட்டு ஏலத்தில் நிற்பவர் மாதிரித்தான் பேசுவார்.

“ஒரே ஒரு விசயம்தான்,” என்றார். “மரண அறிவித்தலிலை எங்கட பேரைப் போடுறதோ, விடுறதோ? ஒவ்வொருத்தராச் சொல்லுங்கோ.”

“ஐயோ, நல்ல மனுசன்,” என்றேன் நான். பெரியப்பாவுக்கு சூமைத் திறந்து கொடுக்கப் போனவள், பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

பெரியப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். “மெற்றி, உஷ். கூட்டம் நடக்குதெல்லே.”

அன்பு மலிந்த இடம்

எங்கள் ஆட்களின் வானொலி மரண அறிவித்தலைக் கேட்டுப் பழகாத வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. இறந்தவர் எங்கே பிறந்தார், எங்கே வாழ்ந்தார், யாருடைய மகன், யாருடைய மருமகன், யாருக்கு மைத்துனர் என்று அது வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகும். எல்லாருக்கும் முன்னால் ‘அன்பு’ என்று ஒரு சொல் நிற்கும். பத்து வருடமாக முகம் பார்த்துப் பேசாதவர்களும் அதில் அன்பு மைத்துனராகவும் அன்புச் சகலனாகவும் வந்துவிடுவார்கள். அவ்வளவு அன்பையும் உயிரோடு இருக்கும்போது யாரும் காட்டியதாக நான் பார்க்கவில்லை.

செபமாலை மாமா, றீற்றா மாமியின் புருஷன். றீற்றா மாமி பெரியப்பாவுக்கும் என் அப்பாவுக்கும் கடைசித் தங்கச்சி. அப்படியென்றால் பெரியப்பாவுக்குச் செபமாலை மாமா மச்சான். இது எல்லா வீட்டிலும் உள்ள கணக்குத்தான். எங்கள் வீட்டில் மட்டும் அது முப்பது வருடமாகச் சரிவரவில்லை.

பெரியப்பா அவரை ஒருநாளும் மச்சான் என்று கூப்பிட்டதில்லை. ஆளில்லாத இடத்தில் “அந்தத் தோணிக்காரன்” என்பார். முகத்துக்கு முன்னால் “ம்” என்பார். றீற்றா மாமி தன் அண்ணனிடம் காணி கேட்கவில்லை, நகை கேட்கவில்லை. அந்த ஒரு சொல்லைத்தான் கேட்டாள். முதலில் வாய்விட்டுக் கேட்டாள், பிறகு கேட்காமல் காத்திருந்தாள். இப்போது மனுசனும் போய்விட்டார்.

மாமா சிட்னிக்கு வந்து பஸ் ஓட்டினார். பெரியப்பாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. கோயிலுக்குப் போவதற்கு மாமா ஓட்டும் பஸ்தான் வசதி. அதனால் ஞாயிறு தவறாமல் அதில் ஏறுவார், பஸ் கார்ட்டை மெசினில் தட்டுவார், சாரதியைப் பார்க்காமல் முன் ஆசனத்தில் போய் இருப்பார். அவர் இருந்துவிட்டாரா என்று கண்ணாடியில் பார்த்த பிறகுதான் மாமா பஸ்ஸை எடுப்பார். நான் பல தடவை அதே பஸ்ஸில் இருந்து இதைப் பார்த்திருக்கிறேன். மாமா கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரிப்பார்.

தொன் வந்த வழி

எங்கள் குடும்பத்துப் பட்டம் ‘தொன்’. போர்த்துக்கேயர் எங்கள் கடற்கரையில் இறங்கிய காலத்தில், கோட்டைக்காரக் கப்பித்தான் ஒருவன் எங்கள் மூதாதைக்கு ஞானஸ்நானத்தோடு சேர்த்துக் கொடுத்தது. பெரியப்பாவின் முழுப்பெயர் தொன் சந்தியாப்பிள்ளை. ஊரில் எங்கள் வீட்டுக்குத் தொன் வளவு என்று பெயர். கோயிலில் முன் வாங்கு, முதல் வரிசைப் பெஞ்சு, எங்களுடையது. வேறு யாரும் அதில் இருந்தால் கோயில் மூப்பர் வந்து எழுப்பிவிடுவார்.

பட்டம் ஏன் கிடைத்தது என்பதற்கு இரண்டு கதை இருக்கிறது. பெரியப்பாவின் கதையில் மூதாதை கப்பித்தானுக்குப் பக்கத்தில் நின்று வாள் சுழற்றினார். என் அப்பாவின் கதையில் அவர் தண்ணீர் தேடி வந்த வெள்ளைக்காரருக்கு நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்றைக் காட்டிக் கொடுத்தார், அவ்வளவுதான். “கடல் தாண்டி வந்தவனுக்குக் கிணத்தைக் காட்டினவர்,” என்பார் அப்பா. “மூண்டு கட்டை தள்ளி இருந்த சாளைத்துறை ஆக்களை அதிலை அள்ள விடாதவரும் அவர்தான்.” கட்டை என்றால் எங்கள் பக்கம் மைல்.

இங்கே வந்த பிறகு பட்டத்துக்குப் புது வாழ்வு கிடைத்தது. படிவம் நிரப்பியவர்கள் ‘தொன்’ என்பதை முதற்பெயர் என்று எடுத்துக்கொண்டார்கள். பெரியப்பாவின் கார்ட் எல்லாவற்றிலும் அவர் டொன். கிளினிக்கில் இருபது வயதுத் தாதி வாசலில் நின்று “டொன்! ஹவ் ஆர் யூ டுடே, டொன்?” என்று கூப்பிடுவாள். பெரியப்பா நிமிர்ந்து நடந்து போவார். வீட்டுக்கு வந்து சொல்வார்: “பாத்தியே, வெள்ளைக்காரிக்குத் தெரியுது. எங்கட ஆக்களுக்குத்தான் தெரியேல்லை.”

நான் பிளாக்டவுனில் இரத்தப் பரிசோதனைக்கு இரத்தம் எடுக்கிற வேலை செய்கிறேன். என்னோடு வேலை செய்யும் கோமதி மதுரைக்காரி. ஒருநாள் அவளிடம் இந்தத் தொன் கதையைச் சொன்னேன். வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள்.

“உங்க பெரியப்பா டானா? சொல்லவே இல்லயே! எந்த ஏரியா?”

“டூங்கபி,” என்றேன்.

பெரியப்பாவுக்கும் வருடா வருடம் நான்தான் இரத்தம் எடுக்கிறேன். நரம்பு கண்டுபிடிப்பது கொஞ்சம் கஷ்டம். மற்றபடி எல்லாரையும் போலச் சிவப்பாகத்தான் வருகிறது.

கதிரை ஏறிய தோணி

இந்தத் தொடரில் போன கிழமை எழுதியதைப் படித்துவிட்டு ஜெரோம் அண்ணா போன் எடுத்தார். “குடும்ப மானத்தைக் கப்பலேத்துறாய், மெற்றி,” என்றார். அண்ணாவுக்கு ஞாபகம் போதாது. எங்கள் குடும்ப மானம் ஏறியது தோணியில். நானும் அதே தோணியில்தான் இருந்தேன். அதை இந்தக் கிழமை சொல்லியே ஆகவேண்டும்.

ஊரே எழும்பி ஓடிய வருடம் அது. ஷெல் அடி கிட்ட வந்துவிட்டது. கடல்நீரேரியைக் கடந்து அக்கரைக்குப் போனால்தான் உயிர் தப்பலாம் என்றார்கள். மற்றவர்கள் அரிசியும் பாயும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நாங்கள் ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு போனோம்.

தொன் கதிரை என்று அதற்குப் பெயர். கறுத்த மர நாற்காலி, ஆளுயரச் சாய்வு. அந்தக் கப்பித்தான் இருந்த கதிரையாம். கால் நான்கும் சிங்கக்கால் என்று பெரியப்பா சொல்வார். எனக்கு அது பூனைக்கால் மாதிரித்தான் தெரியும். பெரியப்பாவும் அப்பாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மணலில் இழுத்துக்கொண்டு வந்தார்கள். விடிந்து கொஞ்ச நேரம். கரை முழுக்கச் சனம்.

எங்களுக்குக் கிடைத்தது செபமாலை மாமாவின் தோணி. அப்போது அவர் மாமா இல்லை, சாளைத்துறையில் தோணி ஓட்டும் ஓர் இளந்தாரி. எல்லாரையும் ஏற்றினார். கடைசியாகக் கதிரை ஏறியது. தோணி விளிம்பு வரை தாழ்ந்தது.

“ஐயா, கதிரையை விட்டிட்டு வாங்கோ,” என்றார் அவர். “தோணி தாங்காது. இல்லாட்டில் ஆரும் ஒராள் இறங்கவேணும்.”

பெரியப்பா கதிரையைப் பார்த்தார். பிறகு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பெரியம்மா, ஜெரோம் அண்ணா, அப்பா, அம்மா, நான். கடைசியில் அவர் கண் றீற்றா மாமியில் நின்றது. கல்யாணம் ஆகாதவள், கைக்குழந்தை இல்லாதவள்.

“றீற்றா, நீ அடுத்த நடையிலை வா,” என்றார்.

மாமி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கினாள். அப்பா “அண்ணை…” என்று இழுத்தார். “கதிரை திரும்பக் கிடைக்குமே?” என்றார் பெரியப்பா. இதை நான் என் காதால் கேட்டேன்.

அடுத்த நடை அன்றைக்குப் போகவில்லை. கடலில் சூடு விழத் தொடங்கிவிட்டது. எங்களை இறக்கிவிட்ட மனிதர், “வேண்டாம், போகாதை” என்று எல்லாரும் தடுக்கத் தடுக்கத் தோணியைத் திருப்பிக்கொண்டு இக்கரைக்கு வந்தார். மாமியைத் தேடிப் பிடித்துத் தன் தாயின் வீட்டில் கொண்டுபோய் விட்டார். மாமி நாலைந்து நாள் அங்கே இருந்தாள். கடல் கொஞ்சம் அடங்கியபோது அக்கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தார்.

பெரியப்பா கேட்ட முதல் கேள்வி, “உயிரோடை வந்திட்டியே?” அல்ல. “அங்கை சாப்பிட்டனியோ?” என்றுதான் கேட்டார்.

“பசிச்சது, சாப்பிட்டனான்,” என்றாள் மாமி.

“அந்த ஆக்களின்ரை வீட்டிலை சாப்பிட்டிட்டு இனி எந்த முகத்தோடை எங்கட வீட்டிலை இருக்கப்போறாய்?”

எங்கட வீடு என்று அவர் சொன்னது ஒரு மாமரத்தடியையும் அதில் கூரையாகக் கட்டிய ஒரு தறப்பாளையும்.

“அப்ப அங்கையே இருக்கிறன்,” என்று சொல்லிவிட்டு மாமி கரைக்குத் திரும்பி நடந்தாள். செபமாலை மாமா அங்கே தோணிக்குள் வந்த தண்ணீரை இறைத்துக்கொண்டு நின்றாராம். அவரைக் கட்டிக்கொண்டது பிறகு நடந்தது. அதைப் பெரியப்பா “தோணிக்காரன் என்ரை தங்கச்சியைக் கிளப்பிக்கொண்டு போட்டான்” என்று உலகமெல்லாம் சொல்லிவைத்தார். இன்றைக்கும் கனடாவில் அப்படித்தான் நம்புகிறார்கள்.

கதிரை என்ன ஆனது என்று கேட்பீர்கள். அக்கரையில் அதை ஏற்றுவதற்கு எந்த டிராக்டர்காரனும் சம்மதிக்கவில்லை. கரையிலேயே விட்டுவிட்டுப் போனோம். பிறகு அது ஒரு சென்றிக் காவலரணுக்குள் கிடந்ததாகக் கேள்வி. யாருடைய சென்றி என்று கேட்காதீர்கள். அந்தக் கரை கை மாறி மாறிப் போனது, இரண்டு தரப்பாரும் அதில் இருந்து களைப்பாறியிருப்பார்கள்.

கூட்டத்தின் தீர்மானம்

சரி, சூமுக்கு வருவோம். பேரை விட்டால் ஊர் என்ன சொல்லும் என்றார் ஒருவர். மாமாவின் மகள் ஷெரின் பெரிய டாக்டர், செத்தவீட்டுக்குச் சனம் அள்ளுப்படும், நாங்கள் இல்லாவிட்டால் எங்களுக்குத்தான் குறை என்றார் இன்னொருவர். பேரைப் போட்டால் தன் பிள்ளைகளுக்குக் கல்யாணம் பேசும்போது கேள்வி வரும் என்று கனடா கவலைப்பட்டது.

கடைசியில் பெரியப்பா தொண்டையைச் செருமினார்.

“போடலாம். அன்பு மைத்துனர் எண்டே போடட்டும். நான் பெரிய மனசு பண்ணுறன். ஆனால் ரெண்டு விசயம். எங்கட பேர் முதலிலை வரவேணும், தொன்னோடை. மற்றது, பிறப்பிடம். சாளைத்துறை எண்டு போட்டால் கேக்கிறவைக்கு உடனை விளங்கிடும், ஆர் ஆக்கள் எண்டு. பெரியகோயிலடி எண்டு போடச் சொல்லுங்கோ. மூண்டு கட்டைதானே, ஆர் போய் அளக்கப்போகினம்?”

“குட் சொலூஷன், டாடி,” என்றார் ஜெரோம் அண்ணா. கூட்டம் ஏகமனதாகத் தலையாட்டியது.

அறுபது வயது தாண்டிச் செத்த ஒரு மனிதரை மூன்று கட்டை தூரம் தூக்கிக்கொண்டு போய் மறுபடி பிறக்கவைக்கலாம் என்று நினைக்க எங்கள் குடும்பத்தால் மட்டும்தான் முடியும். அந்தப் போர்த்துக்கேயக் கப்பித்தானுக்கே இந்தத் துணிச்சல் இருந்திருக்காது.

இதை மாமியிடம் போய்ச் சொல்கிற வேலை என் தலையில் விழுந்தது. “மெற்றி ஊசி குத்திப் பழகினவள், நோகாமல் சொல்லுவாள்,” என்றார் பெரியப்பா.

குசினியில்

மாமியின் வீடு பிளாக்டவுனில், நான் வேலை செய்யும் இடத்துக்குக் கிட்ட. போனபோது குசினி மேசை நிறைய அயலவர் கொண்டுவந்த சாப்பாட்டுப் பெட்டிகள். மாமா போட்டிருந்த பஸ் யூனிபோர்ம் சேர்ட் கதவுக்குப் பின்னால் தொங்கியது. அதைக் கண்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. மாமிதான் என்னை அணைத்துக் கதிரையில் இருத்தினாள்.

ஷெரின் மடிக்கணினியில் அறிவித்தலைத் தட்டிக்கொண்டிருந்தாள். நான் கூட்டத்தின் தீர்மானத்தைச் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாக இருந்தாள்.

“அம்மா, ஜஸ்ட் லீவ் தெம் அவுட். ப்ளீஸ்,” என்றாள்.

மாமி அவளைக் கையமர்த்தினாள். “என்ன மெற்றி, மச்சான் எண்டு சொன்னவரோ?”

“ஓம் மாமி. அன்பு மைத்துனர் எண்டு போடட்டாம்.”

“போடச் சொன்னது கிடக்கட்டும். வாயாலை மச்சான் எண்டு சொன்னவரோ?”

நான் யோசித்துப் பார்த்தேன். “இல்லை மாமி. மைத்துனர் எண்டு போடச் சொன்னவர்.”

“பிறந்த ஊரையும் மாத்தட்டாம், என்ன?”

“ஓம்.”

மாமி கொஞ்ச நேரம் சாப்பாட்டுப் பெட்டிகளின் மூடிகளைத் தேடித் தேடிப் பொருத்திக்கொண்டிருந்தாள். நான் அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

“பெரியண்ணையின்ரை பேர் வரும் எண்டு சொல்லு,” என்றாள். “தொன்னோடையே வரும். நான் பாத்துக்கொள்ளுறன்.”

பெரியப்பாவுக்குப் போனில் சொன்னேன். குரலில் சந்தோசம் தெரிந்தது. “நான் சொன்னனான்தானே, எங்கட பிள்ளை எல்லோ,” என்றார்.

இரண்டு தரம்

அடுத்த நாள் காலை பெரியப்பாவைக் கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். காரில் தமிழ் வானொலி. மரண அறிவித்தல் தொடங்குகிறது என்றதும் அவரே கை நீட்டிச் சத்தத்தைக் கூட்டினார். கோட்டின் கழுத்தையும் சரிசெய்துகொண்டார்.

“சாளைத்துறையைப் பிறப்பிடமாகவும், சிட்னி பிளாக்டவுனை வதிவிடமாகவும் கொண்ட மரியாம்பிள்ளை செபமாலை அவர்கள் காலமானார்…”

“சாளைத்துறை எண்டுதான் போட்டிருக்கிறாள்,” என்றார் பெரியப்பா. முகம் சுருங்கியது.

“அன்னார், காலஞ்சென்ற மரியாம்பிள்ளை எலிசபெத் தம்பதியரின் அன்பு மகனும், றீற்றாவின் அன்புக் கணவரும், ஷெரினின் அன்புத் தந்தையும்…”

எங்கள் பேர் இன்னும் வரவில்லை. பெரியப்பா வானொலிக்குக் கிட்டக் குனிந்தார்.

“…தொன் சந்தியாப்பிள்ளை குடும்பத்தாரின்…”

அறிவிப்பாளர் தொன்னை நல்ல அழுத்தமாகச் சொன்னாள். பெரியப்பா நிமிர்ந்தார்.

“…தோணிக்காரரும் ஆவார்.”

அறிவிப்பாளருக்கே நாக்குத் தடுக்கியது. பேப்பரைத் திருப்பிப் பார்க்கிற சரசரப்புக் கேட்டது. எங்கள் வானொலியில் அறிவித்தலை எப்போதும் இரண்டு தரம் வாசிப்பார்கள். இரண்டாம் தரம் தடுமாறாமல் வாசித்தாள். மேற்கு சிட்னித் தமிழ்ச் சனம் குசினிகளிலும் கார்களிலும் இருந்து அதைத் தெளிவாகக் கேட்டது.

“எழுத்துப் பிழையோ?” என்றார் பெரியப்பா.

“இல்லைப் பெரியப்பா.”

“உடனை மாத்தச் சொல்லு. எடு போனை.”

சிவப்பு விளக்கில் நின்றபடி காரின் ஸ்பீக்கரில் மாமியைக் கூப்பிட்டேன். பெரியப்பா பக்கத்தில் இருக்கிறார் என்றேன்.

“பெரியண்ணை முப்பது வருசமாச் சொன்ன முறையைத்தான் போட்டிருக்கிறன்,” என்றாள் மாமி. “பிழையெண்டால் சரியான முறை என்னெண்டு அவர் தன்ரை வாயாலை சொல்லட்டும். இப்பவே மாத்துறன்.”

கார் முழுக்க மாமியின் மூச்சு கேட்டது. பெரியப்பா வாயைத் திறந்தார். நான் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். சொல்லிவிடுங்கள் பெரியப்பா, ஒரு சொல்தானே என்று எனக்குள் கெஞ்சினேன்.

“லைற் பச்சை விழுந்திட்டுது,” என்றார் பெரியப்பா. “காரை எடு.”

மாமி போனை வைத்துவிட்டாள்.

முன் வாங்கு

அடக்கப் பூசைக்கு வந்த சனம் கோயிலுக்குள் கொள்ளவில்லை. யூனிபோர்மோடு பஸ் சாரதிகள் ஒரு கூட்டம் வந்து நின்றது. சீக்கியர், லெபனான்காரர், வெள்ளைக்காரர் எல்லாரும் இருந்தார்கள். சாளைத்துறை எங்கே இருக்கிறது என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. அழுதவர்களில் பாதிப் பேர் அவர்கள்தான்.

பெரியப்பா வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார். வராவிட்டால் வானொலியில் சொன்னது உண்மையாகிவிடும் என்று கனடாவில் இருந்து போன் வந்ததாம். நேரே நடுவழியால் முன் வாங்கை நோக்கி நடந்தார். அவர் வாழ்நாளில் வேறு வாங்கில் இருந்து பூசை கண்டதில்லை. முன் வாங்கில் ‘குடும்பத்தினர்’ என்று தாள் ஒட்டியிருந்தது. அதற்குப் பக்கத்தில், ஒழுங்கு பார்ப்பதற்காகத் தூத்துக்குடி அன்ரி ஒருவர் நின்றார். பாவம், அவருக்கு எங்களை ஆரென்றே தெரியாது.

“ஐயா, இது குடும்பத்துக்கு ஒதுக்குன பெஞ்சு. நீங்க?”

“தொன் சந்தியாப்பிள்ளை.”

“பேரு இல்லய்யா. அவருக்கு நீங்க என்ன முறை வேணும்?”

பாட்டுக் குழு உச்சத்தில் பாடிக்கொண்டிருந்தது. பெரியப்பா சுற்றிப் பார்த்தார். வானொலி கேட்ட முகங்கள் எல்லாம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. இரண்டாம் வாங்கில் இருந்த எனக்கு அவர் உதடு அசைவது தெரிந்தது.

“காதுல விழலயே ஐயா,” என்றார் அன்ரி.

மறுபடி உதடு அசைந்தது.

“சத்தமாச் சொல்லுங்க ஐயா, பாட்டு ஓடுதுல்ல.”

“மச்சான்!” என்று கத்தினார் பெரியப்பா. “மச்சான் எண்டுறன்! நான் அவருக்கு மச்சான்!”

அவர் கத்தவும் பாட்டு முடியவும் சரியாக இருந்தது. கோயில் முழுக்க அது கேட்டது. பீடத்தில் நின்ற சுவாமியாரே திரும்பிப் பார்த்தார்.

“அத மொதல்லயே சொல்லிருக்கலாம்ல,” என்று அன்ரி வழிவிட்டார்.

முன் வாங்கின் ஓரத்தில் மாமி இருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் இருக்க இடம். அந்த இடத்தில் மாமியின் கைப்பை. பெரியப்பா போய் நின்றார். மாமி தலையைத் திருப்பி அண்ணனைப் பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள். பிறகு மாமாவின் பெட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பையை எடுக்கவில்லை.

அடுத்த பாட்டுத் தொடங்கும்வரை பெரியப்பா அப்படியே நின்றார். பிறகு ஓர் அடி பின்னால் வந்து, இரண்டாம் வாங்கில் எனக்குப் பக்கத்தில் இருந்தார். அவரைப் பார்க்கவும் எனக்குப் பாவமாகத்தான் இருந்தது, சும்மா சொல்லக்கூடாது.

ஒரு கிழமை கழித்து மாமியைப் பார்க்கப் போனேன். தேத்தண்ணி ஊற்றித் தந்தாள்.

“கடைசியிலை சொல்லிப்போட்டார், மாமி,” என்றேன்.

“ஓம். கேட்டது.”

“முன் வாங்குக்காகத்தான் சொன்னவர்.”

“அது தெரியாதே எனக்கு?”

“அப்பிடியெண்டாலும் சொன்னவர்தானே. பக்கத்திலை இடமும் இருந்தது. கொஞ்சம் பையை எடுத்திருக்கலாம்.”

மாமி சிரித்தாள். மாமா போன பிறகு அவள் சிரித்ததை அன்றைக்குத்தான் கண்டேன்.

“இவர் இருந்திருந்தால் தான் எழும்பி நிண்டு அவருக்கு இடம் குடுத்திருப்பார், மெற்றி. சாளைத்துறை ஆக்கள் அப்பிடித்தான்,” என்றாள். “நான் தொன் வீட்டுப் பிள்ளையெல்லே.”